வாட்சன் தியரி வார்டில் உதவுமா, பரீட்சையோடு சரியா?

இரவுப்பணி:
நோயாளியைக் கனிவோடு, முழு மனிதராகப் பார்ப்பதே நர்சிங் என்று அமெரிக்க நர்சிங் அறிஞர் ஜீன் வாட்சன் 1979-ல் எழுதிய பராமரிப்புக் கோட்பாட்டின் 10 காரணிகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியதோடு நர்ஸ்கள் நம்மில் பலருக்கு அது முடிந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வது போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் 5 பேருக்கு ஒருவர். நைட் டியூட்டியில் அந்தக் கணக்கு என்ன ஆகிறது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். ஆளும் போடாமல் ‘கனிவோடு பாருங்கள்’ என்று வகுப்பெடுத்தால் பழி நர்ஸ் தலையில்தான் விழும். படுக்கைப்புண் (பெட் சோர்) ஆபத்தைக் கணிக்கும் பிரேடன் ஸ்கேல் மாதிரி அளக்க முடிகிற கருவி போதும்.

வகுப்பறை:
ஆள் பற்றாக்குறையை நான் மறுக்கவில்லை சிஸ்டர். ஆனால் பிரேடன் 6 தலைப்பில் மதிப்பெண் போட்டு, 18-ம் அதற்குக் கீழேயும் வந்தால் பெட் சோர் ஆபத்து என்று சொல்லும், அவ்வளவுதான். நோயாளியைத் திருப்புவது கைதானே? இடது பக்கம் செயலிழந்த ஸ்ட்ரோக் நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நடப்பது பலருக்கு மனதில் பதிவதே இல்லை. அங்கிருந்து சொல்லாமல் கை வைத்தால் திடுக்கிட்டு உடம்பை விறைத்து, நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். இரண்டு பேர் பலமாக இழுப்பார்கள். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு நகரும். வால் எலும்புப் பக்கம் புண் வர அதுவே போதும்.

வலது பக்கம் நின்று, முகம் பார்த்து, ‘ஐயா, இப்ப உங்களைத் திருப்பப் போறோம்’ என்று சொல்லிவிட்டு அவருக்கு அடியில் விரித்த டிரா ஷீட்டைத் தூக்கினால் உடம்பு இளகும். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை. 90 டிகிரி ஒருக்களித்தால் முழு எடையும் இடுப்பெலும்பில் இறங்கும். இடுப்புக்கு அடியில் வைக்கும் காற்று வளையம் வேண்டவே வேண்டாம், சுற்றியுள்ள தோலில் ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

சொல்லிவிட்டுத் தொடுவதும் பெட் சோர் தடுப்பு வேலைதான். வாட்சன் கேட்பது இதைத்தான்.

இரவுப்பணி:
நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் இது செய்முறைப் பயிற்சி. இதற்கு ஆன்மா, பிரபஞ்ச சக்தி என்று பேசும் வாட்சன் எதற்கு? கணக்கையும் பாருங்கள்: படுக்கையோடு கிடக்கும் 10 பேர், தலைக்கு 5 நிமிடம், ஒவ்வொரு தடவையும் 2 நர்ஸ். ஒரு சுற்றுக்கு 100 நர்ஸ்-நிமிடம். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் ஒரு நர்ஸின் 120 நிமிடத்தில் மிச்சம் 20. இஞ்செக்‌ஷன் யார் போடுவது?

ஐசியூ_பக்கம்:
அந்தக் கணக்கு எல்லா மெத்தைக்கும் ஒன்றல்ல. அடர்த்தியான ஃபோம் மெத்தை இருந்தால் 3, 4 மணி இடைவெளியிலும் புண் கூடவில்லை என்று முதியோர் இல்லங்களில் நடந்த 2013 ஆய்வு காட்டியது. தேங்காய் நார் மெத்தைக்கு அது பொருந்தாது.

தியரி என்றால் எனக்கு நர்சிங் அறிஞர் கேத்தரின் கோல்கபாவின் ஆறுதல் கோட்பாடுதான் கைக்கு வருகிறது. நிவாரணம், நிம்மதி, கஷ்டத்தைத் தாண்டி எழும் தெம்பு என்று 3 வகை. உடல், மனம், சூழல், உறவு என்று 4 தளம். வகையையும் தளத்தையும் பெருக்கினால் மொத்தம் 12 கட்டம். மூக்கு வழியாக உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூபைப் பிடுங்குகிறவரின் கையை உடனே கட்டுகிறோம். அதற்கு முன் ஆக்சிஜன், சுகர் பாருங்கள். சிறுநீர் சேரும் யூரோ பேக்கின் குழாய் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள், வலி உண்டா, கண்ணாடியும் காது மெஷினும் டிராயருக்குள் கிடக்கிறதா? பாதிக் கட்டம் இதிலேயே நிரம்பிவிடும். கட்டினால் திமிறுவார், குழப்பம் கூடும், குழாயும் நிற்காது.

இரவுப்பணி:
இந்த 12 கட்டத்தை ஏற்கிறேன், கேஸ் ஷீட்டில் எழுத முடிகிறது. வாட்சனை எழுத முடியாது. எழுதாதது ஹேண்ட் ஓவரில் போகாது, அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்குத் தெரியாது.

வகுப்பறை:
எழுதலாம் சிஸ்டர். ‘வலது பக்கம் நின்று பேசினால் ஒத்துழைக்கிறார், மகள் குரல் கேட்டால் அமைதியாகிறார்.’ டர்னிங் சார்ட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் இந்த ஒரு வரி. ‘கோ-ஆபரேட்டிவ் இல்லை’ என்று எழுதும் இடத்தில்தான் இதைக் கேட்கிறேன்.

இரவுப்பணி:
அந்த ஒரு வரிக்கு நான் தயார். அதே சார்ட்டில் அந்த ஷிஃப்டில் எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்ற எண்ணும் வர வேண்டும். தவறிப்போன திருப்பலுக்கு மெமோ கொடுப்பவர் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்.