பொருள்: ‘ரீசன் ஃபார் என்கவுன்டர்’ என்பதற்கு ‘நாடற்காரணம்’

நண்பர்களுக்கு வணக்கம்.

உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பான வோன்கா 1987இல் வெளியிட்ட ஐசிபிசி என்னும் முதல்நிலை மருத்துவ வகைப்பாட்டில், நோய் இன்னதென்று மருத்துவர் முடிவு செய்யும் முன்பே, வந்தவர் தம் வாயால் சொன்னதற்கும் ஒரு குறியீடு கிடைக்கிறது. அதை, அதாவது மருத்துவச் சந்திப்புக்கு நோயாளி சொல்லும் காரணத்தை, சுட்டும் ‘ரீசன் ஃபார் என்கவுன்டர்’ என்ற தொடருக்குத்தான் தமிழில் சொல் தேவைப்படுகிறது. ஒலிபெயர்ப்பு உதவாது, ‘என்கவுன்டர்’ என்றாலே தமிழ்ச் செய்தித்தாள் படிப்பவருக்குக் காவல்துறையின் துப்பாக்கிச்சூடுதான் நினைவுக்கு வரும்.

இத்தொடருக்கு ‘முறையீடு’ என்று வைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. மாதந்தோறும் இரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் மூதாட்டியிடம் “என்னம்மா செய்யுது?” என்று கேட்டால், “ஒண்ணும் செய்யல, மாத்திரை தீந்துபோச்சு” என்பார். அவரிடம் முறையீடு எதுவும் இல்லை. ஆயினும் அவர் வந்ததற்கு கே50 என்ற குறியீடு உண்டு. கே என்பது இதயமும் இரத்த ஓட்டமும் சார்ந்த இயல். 50 என்பது மருந்து கேட்டல். இதய நோய் வந்துவிடுமோ என்ற அச்சத்துக்குக்கூட கே24 என்று தனிக் குறியீடு வைத்திருக்கிறார்கள். நோயாளியின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பளிக்கும் ஒரு முறையைக் குறைகளின் பட்டியலாகச் சுருக்கிவிடக் கூடாது.

‘வருகைக் காரணம்’ எளிய சொல்தான். ஆனால் வீட்டுக்கே சென்று பார்ப்பதும் தொலைபேசியில் பேசுவதும் அதற்குள் அடங்கா. ‘சந்திப்பு’ இருவருக்கும் பொதுவானது; காரணமோ நோயாளிக்கு உரியது. ஆகவே ‘என்கவுன்டர்’ என்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

‘மருத்துவரை நாடினேன்’ என்பது நாம் இயல்பாக எழுதும் தொடர் என்பதால், ‘நாடற்காரணம்’ என்று முன்மொழிகிறேன். வினைத்தொகையாக ‘நாடுகாரணம்’ என்றும் எழுதிப் பார்த்தேன். ‘நாடு’ தேசமாகப் படிக்கப்படும் என்பதால் விட்டுவிட்டேன்.

செவிலியர் தாமே வீடு தேடிச் செல்லும்போது நோயாளி எங்கே நாடினார் என்ற கேள்வி எழக்கூடும். மருத்துவப் பணியாளர் தொடங்கிய சந்திப்புக்கு ஐசிபிசி 64 என்ற தனி எண்ணை ஒதுக்கியிருப்பதே, நோயாளி நாடுவதுதான் பொதுநிலை என்பதைக் காட்டுகிறது.

நடுவிலுள்ள புணர்ச்சி கடினமாகத் தோன்றினால், பதிவேட்டின் பத்தித் தலைப்பில் ‘நாடிய காரணம்’ என்று பிரித்தே எழுதலாம், பொருள் மாறாது.