58 வயதில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா?

பீளமேட்டுக்காரர்:
வணக்கம். கோவையில் மில் சூப்பர்வைசராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். சர்க்கரை பார்டரில் நிற்கிறது. மாத்திரை கிடையாது, காலை நடையோடு சரி. ஜிம் பயிற்சியாளர், "குரோத் ஹார்மோன் போடுங்க சார், தொப்பை கரையும், தோல் இறுகும், பத்து வயசு குறையும்" என்கிறார். செலவு கேட்டால் கையிருப்பே கரைந்துவிடும் போல. ஊசி வேண்டாமென்றால் ஆர்ஜினின் காப்ஸ்யூல், நாக்கடியில் அடிக்கும் ஸ்ப்ரே என்று ஏதேதோ காட்டுகிறார். வீட்டுக்காரம்மா அமுக்கராப் பொடியே போதும் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர்_ஜிம்:
எங்க ஜிம்ல ஒருத்தர் போட்டாருங்க. ஆள் பார்க்க நல்லா திரண்டுதான் இருந்தார். ஆனா ராத்திரி கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்துக்குவார், விரல் வீங்கி மோதிரம் கழற்ற வராது. ஊசியை நிறுத்தினதும் வீக்கம் வடிஞ்சுது, கூடவே அந்த உடம்பும் வடிஞ்சுது.

மதுரை_நர்ஸ்:
சார், நான் ஹார்மோன் பிரிவில் நர்ஸ். இந்த ஊசியைப் போடக் கற்றுக்கொடுப்பதே என் வேலையில் பாதி. வருவதெல்லாம் பெரும்பாலும் வளர்த்தி இல்லாத பிள்ளைகள். ஃப்ரிட்ஜிலிருந்து பேனாவை எடுத்து, டயலைத் திருப்பி, தொடைச் சதையை இரண்டு விரலால் பிடித்துக் குத்தி, பத்து எண்ணும்வரை ஊசியை உருவாமல் பிடித்திருக்க அம்மாக்களுக்குச் சொல்லித் தருவேன். அந்தப் பிள்ளைகளுக்கு இது மருந்து. மூளைக்கடியில் இந்த ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போன பெரியவர்களுக்கும் மருந்துதான். வயது ஏறுவதற்கு இது மருந்தே இல்லை.

இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது 1990இல். அமெரிக்காவில் டேனியல் ரட்மன் குழு, 61 முதல் 81 வயது வரையுள்ள 21 ஆண்களில் 12 பேருக்கு ஆறு மாதம் ஊசி போட்டுப் பார்த்தது. கொழுப்பு நீங்கலான உடல் எடை 8.8% கூடியது, கொழுப்பு 14.4% குறைந்தது. விளம்பரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஊசி போட்டவர்களுக்கு ரத்த அழுத்தமும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொஞ்சம் ஏறியதும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. 1996இல் வேறொரு குழு, 70 வயது தாண்டிய ஆரோக்கியமான ஆண்களுக்கு ஊசி போட்டு, அவர்கள் என்ன செய்ய முடிகிறது என்றும் சோதித்தது. உடல் எடைக் கணக்கு மாறியது, பலம் கூடவில்லை. கூடிய எடையில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. மேலே நண்பர் சொன்ன மோதிரம் அதனால்தான். மணிக்கட்டு நரம்பு அழுத்தப்பட்டுத்தான் கை மரக்கிறது.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பயமே சர்க்கரைதான். இந்த ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். பார்டரில் நிற்பவரை அந்தப் பக்கம் தள்ளிவிடும். பயிற்சியாளர் சர்க்கரை பற்றி உங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டாரா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய் இருக்கிறது, அக்ரோமெகலி. கை கால் தாடை பெருத்து, சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்து வரும். சிகிச்சை இல்லாவிட்டால் ஆயுள் குறையும். மறுபக்கம், பிறவியிலேயே இந்த ஹார்மோன் சுரக்காத, ஏம்ஸ் என்ற வகைக் குள்ள எலிகள் சாதாரண எலிகளைவிட நீண்ட காலம் வாழ்வதாக 1996இல் கண்டார்கள். ஈக்வடாரில் லாரான் குறைபாட்டோடு பிறந்தவர்களுக்கு இந்த ஹார்மோன் சுரந்தாலும் உடம்பில் வேலை செய்யாது. 2011இல் வெளியான ஆய்வில் அவர்களிடம் சர்க்கரை நோயே இல்லை, புற்றுநோய் மிக அரிது. அவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்வதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் இளமைக்காக இதை ஏற்றிக்கொள்கிறவர்கள் எந்தத் திசையில் போகிறார்கள் என்று பாருங்கள்.

ஸ்ப்ரேக்குக் காசைக் கொட்டாதீர்கள். இந்த ஹார்மோன் 191 அமினோ அமிலம் கோத்த புரதம்; விழுங்கினால் முட்டை மாதிரி செரித்துப் போகும், நாக்கடியிலும் ஏறாது. ஆர்ஜினின் ஒரு அமினோ அமிலம்; ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்காக அதை நாங்களே பெரியவர்களுக்கு 30 கிராம் வரை டிரிப்பில் ஏற்றுவோம். ஹார்மோன் ஏறும், சற்று நேரத்தில் இறங்கிவிடும். காப்ஸ்யூலில் இருப்பது அதில் ஒரு துளி. அமுக்கரா தசைக்குக் கொஞ்சம் உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது, தைராய்டு அளவும் ஏறலாம். வீட்டுக்காரம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். சாப்பிடுவதானால் டாக்டருக்குத் தெரிந்து சாப்பிடுங்கள்.

நடை மட்டும் போதாது, எடை தூக்குங்கள். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174% கூடியது. எந்த ஊசியும் இதைச் செய்ததில்லை. புரதம், எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும். இட்லி சட்னியோடு காலையை முடிக்காமல் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேருங்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பீளமேட்டுக்காரர்:
ரொம்ப நன்றிம்மா. பயிற்சியாளர் சர்க்கரை பற்றிக் கேட்கவே இல்லை. தூக்கம்தான் எனக்குச் சரியில்லை. குறட்டை பலம், பகலில் பேப்பர் படிக்கும்போதே கண் சொருகுகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மதுரை_நர்ஸ்:
நிறையவே உண்டு சார். இந்த ஹார்மோன் பெரிய அலையாகச் சுரப்பது படுத்தபின் வரும் முதல் ஆழ்ந்த தூக்கத்தில்தான். குறட்டையில் மூச்சு அடைபட்டுத் தூக்கம் கலைந்துகொண்டே இருந்தால் அது குறையும், ரத்த அழுத்தமும் ஏறும். தொப்பையும் ஹார்மோனைக் குறைக்கும். தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டுக்காரம்மாவைக் கவனிக்கச் சொல்லுங்கள். இருந்தால் நுரையீரல் டாக்டரிடம் தூக்கப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கூடவே மூன்று மாதச் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் மூன்றும் எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.