ரயில் நின்ற பின்னும் சல்லிக்கற்கள் ஊர்வது ஏன்?

வெள்ளவத்தைப் பயணி:
தினமும் காலையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போகிறேன். உட்கார இடம் கிடைக்காது. கடல் இல்லாத பக்க ஜன்னல் கம்பியில் ஒரு துருப்புள்ளி. அதிலேயே கண்ணை வைத்து, பின்னால் ஓடும் பக்கத்துத் தண்டவாளச் சல்லிக்கற்களைப் பார்த்தபடி நிற்பேன். பம்பலப்பிட்டியில் ரயில் நின்றதும் அந்தக் கற்கள் மெல்ல முன்பக்கமாக ஊர்கின்றன. நாலைந்து விநாடிதான். கண் களைத்துவிட்டது என்கிறார்கள் அலுவலகத்தில். நேற்று வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தேன். நின்றதும் கையை மாற்றினேன். எதையுமே பார்த்திராத வலக்கண்ணிலும் கற்கள் ஊர்ந்தன! அப்படியானால் களைத்தது எது?

உயிரியல் ரீச்சர்:
தம்பி, நல்ல பரிசோதனை செய்திருக்கிறீர்கள். கண்ணின் செய்தி மூளையின் நடுவிலுள்ள தலமஸ் என்ற பகுதி வழியாகப் பிடரிப்பக்கத்துப் பார்வைப் புறணிக்கு, அதாவது பார்வையைக் கவனிக்கும் மூளையின் வெளிப்படலத்துக்கு, வருகிறது. ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புக்குள் ஆறு படைகள். செய்தி முக்கியமாக வந்து இறங்குவது நான்காம் படையில். அங்கே பெரும்பாலான கலங்கள் ஒரு கண்ணுக்கு மட்டுமே உரியவை. அதற்கு மேலுள்ள இரண்டாம், மூன்றாம் படைகளில்தான் இரு கண்களின் செய்தியும் ஒரே கலத்தில் சேர்கிறது. மறுகண்ணுக்கும் தொற்றியது என்றால், மாற்றத்தின் ஒரு பங்காவது அந்தச் சந்திப்புக்கு அப்பால் நடந்திருக்கிறது. வலக்கண்ணில் கொஞ்சம் மங்கலாகத்தானே ஊர்ந்தது?

களைப்பு என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. 1997இல் கரண்டினி, ஃபெர்ஸ்டர் என்ற ஆய்வாளர்கள் பூனையின் புறணிக் கலங்களுக்குள் மின்னழுத்தத்தை அளந்தார்கள். வலுவான கோடுகளைத் தொடர்ந்து காட்டியபோது கலத்தின் அழுத்தமே கீழே இறங்கிவிட்டது. அதே செய்தி வந்தாலும் கலம் முன்போல எளிதில் மின்துடிப்பை அனுப்பாது. கலம் தன் அளவுகோலை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளவத்தைப் பயணி:
ஆம் ரீச்சர், வலக்கண்ணில் குறைவுதான்! ஆனால் கற்கள் சும்மா நிற்காமல் ஏன் எதிர்த்திசையில் போகின்றன?

கொட்டாஞ்சேனை வாசகன்:
தராசை நினையுங்கள். பின்னோக்கிய அசைவுக்குச் சில கலங்கள், முன்னோக்கியதற்குச் சில. அசையாத பொருளுக்கு இரண்டு தட்டும் சமம். ரயில் ஓடும்போது முதல் தட்டு மட்டும் அடங்கிப்போகிறது. நின்றதும் மற்றது தாழ்கிறது. 1834இல் ஸ்கொட்லாந்தின் ஃபோயர்ஸ் அருவியைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்த ஆடம்ஸ் என்பவர், அது மேலே ஏறுவதாக எழுதிவைத்தார். உங்களுக்கு நடந்ததும் அதுவே.

உயிரியல் ரீச்சர்:
தம்பி, நாளைக்குத் துருப்புள்ளியை விட்டுவிட்டு, ஓடும் கற்களையே கண்ணால் துரத்திப் பாருங்கள். ஊர்வது நன்றாகக் குறைந்திருக்கும். கண் கற்களோடு சேர்ந்து ஓடினால் விழித்திரையில் அவை அவ்வளவாக ஓடாதே. வந்து சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.