முதுகுத்தண்டு டிஸ்க் ஆபரேஷனுக்கு அப்புறம் மறுபடி காக்பிட்டில் ஏறியவர்கள், உங்கள் அனுபவம்?

சேத்தக்காரன்:
சேத்தக், சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டியவர்களில் முதுகுவலி இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இடது கை கீழே ஏற்றி இறக்கும் கலெக்டிவ் லீவரில், வலது கை முழங்கால்களுக்கு நடுவே திசை திருப்பும் சைக்ளிக் கம்பில், உடம்பைக் கோணிக்கொண்டு முன்னால் குனிந்தபடி மணிக்கணக்கில் உட்கார வேண்டும், ரோட்டர் அதிர்வு வேறு நேராக இடுப்பில் இறங்கும். எனக்கு இடுப்பின் அடியில் இருக்கும் எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கிக் கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை இழுத்தது. வலது காலை ஊன்றி நுனிக்காலில் எழும்பச் சொன்னார் டாக்டர், குதிகால் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. அந்தக் காலால் பெடலை எப்படி மிதிப்பது?

மைக்ரோடிஸ்கெக்டமி, அதாவது பிதுங்கிய டிஸ்க் துண்டை மட்டும் எடுக்கும் ஆபரேஷன், செய்தார்கள். மயக்கம் தெளிந்தபோதே கால்வலி போயிருந்தது. ஆனால் மெடிக்கல் கேட்டகரி ஏ4ஜி4, அதாவது வானத்துக்கும் ஆகாது தரை வேலைக்கும் ஆகாது. அங்கிருந்து மெடிக்கல் போர்டு போர்டாக ஏறி வரவேண்டும், ஒவ்வொரு போர்டிலும் அதே நுனிக்கால் பரீட்சைதான். கடைசியில் பக்கத்தில் இன்னொரு பைலட் இருந்தால் பறக்கலாம் என்று விட்டார்கள். தடையில்லாமல் பறக்கலாம் என்ற ஏ1 வந்தது அதற்கும் ரொம்ப நாள் கழித்து.

பழைய ஃபைட்டர்:
சார், உங்களுக்கு எஜெக்‌ஷன் சீட் இல்லை (ஆபத்தில் பைலட்டை விமானத்தை விட்டு வெளியே எறிவது), பிழைத்தீர்கள். ஃபைட்டர் விமானம் ஓட்டும் எங்களிடம் வலி இருக்கிறதா என்று கேட்பதோடு விடமாட்டார்கள், நாளைக்கே கைப்பிடியை இழுத்தால் முதுகு தாங்குமா என்று பார்ப்பார்கள். ஒரு நொடிக்குள் 12 ஜி-க்கு மேல், அதாவது உடம்பு எடையைப் போல 12 மடங்குக்கு மேல், உதைத்துத் தள்ளும் சீட் அது, ஒரு குறையும் இல்லாத முதுகிலேயே நடுமுதுகுக்குக் கீழே இருக்கும் டி12, எல்1 எலும்புகள் நசுங்குவதுண்டு. டிஸ்க் துண்டை மட்டும் எடுத்தவருக்கு வழி கொஞ்சம் சுலபம். ஸ்க்ரூ போட்டு ஃப்யூஷன் செய்தவருக்கு அந்த இரண்டு எலும்பும் ஒன்றாகி, பாரம் மேலேயும் கீழேயும் இருக்கும் டிஸ்குகள் மேல் போய் விழும் என்பதால் ரொம்பவே யோசிப்பார்கள்.

எனக்குக் கழுத்து, சி5-சி6, ஃப்யூஷன். தலை 5 கிலோ, ஹெல்மெட்டும் மாஸ்க்கும் 2 கிலோ என்று வையுங்கள், 9 ஜி-யில் 63 கிலோ. அதைச் சுமந்துகொண்டுதான் வாலில் எவன் வருகிறான் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். பெங்களூர் ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிடியூட்டில் குடைந்து குடைந்து பார்த்துவிட்டு ஃபைட்டர் வேண்டாம், டிரான்ஸ்போர்ட் ஓட்டு என்றார்கள். கொஞ்ச நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது ஏஎன்-32, சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் நடுவழியில் எழுந்து முதுகை நிமிர்த்திக்கொள்ளலாம், அந்த சுகம் ஃபைட்டரில் ஏது!

ராஜாளி வீட்டம்மா:
அண்ணா, எங்க வீட்டுக்காரர் நேவி, அரக்கோணம் ராஜாளி தளத்தில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறார். அவருக்கும் டிஸ்க்தான். குனியாதே, தூக்காதே, ரொம்ப நேரம் உட்காராதே என்று டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு குழந்தையைக்கூடத் தூக்காமல் இருந்தார். பிசியோ சொல்லிக்கொடுத்த வயிற்றுத் தசைப் பயிற்சியை மட்டும் ஒரு நாள் விட்டதில்லை, அதுதான் அவரைத் திரும்பப் பறக்க வைத்தது என்று நான் சொல்வேன். இப்போது முழு மூச்சாகப் பறக்கிறார். கேஸ் சிலிண்டரை மட்டும் இன்றைக்கும் நான்தான் உருட்டுகிறேன், கேட்டால் டாக்டர் சீட்டைக் காட்டுகிறார்.