குறைமாதக் குழந்தைகளுக்கு நுரையீரல் ஸ்கேன்: கற்றுக்கொள்ள உதவி வேண்டும்

குழுவில் இருக்கும் பச்சிளங்குழந்தை டாக்டர்களுக்கு வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டராக இருக்கிறேன். சிபாப்பில் (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் கருவி) இருக்கும், 30, 32 வாரத்திலேயே பிறந்த குழந்தைக்கு சர்ஃபாக்டன்ட் (நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் மருந்து) கொடுப்பதா வேண்டாமா என்பதை, ஆக்சிஜன் தேவை 30 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறோம், ராத்திரியில் எக்ஸ்ரே எடுக்க ஆளைப் பிடிப்பதற்குள் அந்த மருந்து நன்றாக வேலை செய்யும் முதல் சில மணி நேரம் போய்விடுகிறது.

அதனால் படுக்கையருகிலேயே நுரையீரலை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்து, மார்பின் ஒரு பக்கத்துக்கு மூன்று இடம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 18 என்று மதிப்பெண் போடும் முறையைப் பழகிக்கொண்டிருக்கிறேன். 0 என்றால் காற்று நிறைந்த நல்ல நுரையீரல், 3 என்றால் காற்றில்லாமல் இறுகியது, இந்த இரண்டும் சுலபம். தனித்தனி பி-கோடுகள் (நுரையீரலில் நீர் இருந்தால் திரையில் மேலிருந்து கீழே தெரியும் வெள்ளைக் கோடுகள்) இருந்தால் 1, ஒட்டிக்கொண்டால் 2, சரி, ஒரே இடத்தில் பாதி ஒட்டி பாதி தனியாக இருந்தால் நீங்கள் என்ன போடுவீர்கள்? பிறந்தவுடனே பார்த்தால் நுரையீரல் நீர் வடியாமல் மதிப்பெண் அதிகமாகத்தானே வரும், எத்தனை மணி நேரத்தில் பார்க்கிறீர்கள்? 8-ஐத் தாண்டினால் மருந்து என்பதை எல்லா வாரக் குழந்தைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

எங்களிடம் இருப்பது பிரசவ வார்டின் வளைந்த புரோப்தான் (உடம்பில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி). 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் லீனியர் (நேரான முகப்புள்ள) புரோப் வாங்கியவர்கள் எது என்று சொல்லுங்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி, குழந்தைகள் வார்டுக்கு மட்டும் ஒரு ஸ்கேன் மெஷினைப் பதிவு செய்தவர்கள் யாராவது இருந்தால் விவரம் வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்தில் நின்று கற்றுத்தருபவர் கிடைத்தால் நானே வந்துவிடுகிறேன்.