மறு: மலையாட்டுக்கு வர்ற 'கேப்சர் மயோபதி'க்குத் தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். வனக்காவலர் பயிற்சிக் கையேடு ஒண்ணு மொழிபெயர்க்கிறேன், புதன்கிழமை அச்சுக்குப் போகணும். அமெரிக்காவுல ஒலிம்பிக் தேசியப் பூங்காவுல இருந்து 2018-20ல 325 மலையாடுகளைப் பிடிச்சு, கண்ணைக் கட்டி, ஹெலிகாப்டர்ல தொங்கவிட்டு எடுத்து, கேஸ்கேட் மலையில விட்டாங்கல்ல, அதை வச்சு ஒரு பாடம். காட்டு விலங்கைத் துரத்திப் பிடிக்கிறப்ப அதோட தசை சிதையற நோய்தான் 'கேப்சர் மயோபதி', அதுக்கு 'சிறைத் தசைநோய்'னு போட்டிருக்கேன். சரியா?

---

தம்பி, சிறை எதுக்கு? 'பிடிநோய்' போதும். மலையாடும் வேண்டாம், பழைய பேரு 'வருடை'ன்னு போடுங்க. சிலம்புல 'வரையாடு வருடையும்'னு வருது, அங்க ஆடுங்கறது விலங்கில்ல, வினைத்தொகை, வரையில ஆடுற வருடை. நாமதான் வினையை விலங்காக்கிட்டோமோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம்.

---

ஐயா, வருடைன்னா நம்ம ஆளுங்க வால்பாறை வரையாட்டைத்தான் நினைப்பாங்க, இது வேற இனம். பிடிநோய்னா கால்ல தசை பிடிச்சுக்கிச்சுன்னு படிப்பாங்க, நான் கால்நடை மருத்துவர், தினம் கேக்கிற பேச்சு அது. சிறையும் சரியில்ல, கூண்டுக்குப் போறதுக்கு முன்னாடியே வந்துடுது. துரத்துறப்ப லாக்டிக் அமிலம் ஏறி ரத்தம் புளிக்குது, உடம்பு கொதிக்குது, தசை இழை உடைஞ்சு உள்ள இருக்கிற கிரியாட்டின் கைனேஸ்ங்கற நொதியும் பொட்டாசியமும் ரத்தத்துல கொட்டுது, மயோகுளோபின்ங்கற தசைப் புரதம் போய் கிட்னியைக் கெடுத்து மூத்திரம் காப்பி நிறமாகுது. நல்லா ஓடிப்போன ஆடு சில நாள் கழிச்சு செத்துக் கிடக்கும். 'பிடிபாட்டுத் தசைச்சிதைவு'ன்னு வைங்க.

---

பிடிபடு, பிடிபாடு. புறப்பாடு மாதிரி, இலக்கணம் இடிக்கல. ஆனா காவலர் வாயில நுழையுமா?

---

டாக்டர் அக்கா, அப்போ ரத்தப் பரிசோதனைப் பக்கத்துல வர்ற 'கேப்டிவிட்டி'க்கு, அதாவது விலங்கை அடைச்சு வச்சு வளர்க்கிறதுக்கு? 'அடைப்பு'ன்னா ரத்தக்குழாய் அடைப்பாயிடுது.

---

'பட்டிவாழ்வு'ன்னு போடுங்க. பிடிபாடு, பட்டிவாழ்வு ரெண்டையும் தயவுசெஞ்சு கலந்துடாதீங்க. பிடிச்ச உடனே எடுத்த ரத்தத்துல மண்ணீரல் சுருங்கி சிவப்பணு கூடித் தெரியும், வெள்ளையணுவுல நியூட்ரோபில்ங்கற வகை ஏறும், லிம்போசைட்ங்கற வகை இறங்கும். அது பயம், அதைத் தொத்துன்னு நினைச்சு ஊசி போடக்கூடாது. பட்டியில பழகின ஆட்டு ரத்தத்தை வச்சுக் காட்டு ஆட்டுக்கு அளவு சொல்றதும் தப்பு.

---

சரி, நாலு பேர் பிடிபாட்டுத் தசைச்சிதைவுக்கு, அதையே அனுப்புறேன். பட்டிவாழ்வுக்கு ஆதரவு ரெண்டே பேர்தான், இப்போதைக்கு வச்சிருக்கேன்.

---

போடுங்க தம்பி. ஆனா வருடையை விட்டது எனக்கு ஒப்புதல் இல்ல, அதை எழுதி வச்சுக்கோங்க.