கருப்பு டிரங்குப் பெட்டியும் கூடுதல் கட்டண ரசீதும்

கார்கில் போரில் சண்டையிட்ட வீரர்களைப் பற்றி எல்லோரும் போர்முனையில் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறீர்கள். நான் அந்தப் பக்கம் போனவன் அல்லன். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தேன். வடக்கே போகும் ரயில்களில் சென்னையில் ஏறி விஜயவாடாவில் இறங்குவது என் பிழைப்பு. பட்டாளத்துப் பையன்களை நான் அறிந்ததெல்லாம் அந்தச் சில மணி நேரங்களில்தான். அவர்களுடைய வீரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கணக்கு வழக்கைப் பற்றிச் சொல்லலாம்.

1999 ஜூன். கார்கிலில் சண்டை மூண்டு, லீவில் வந்தவர்களுக்கெல்லாம் தந்தி பறந்துகொண்டிருந்த நேரம். ஜம்மு போகும் ரயிலில் படுக்கை கிடைக்காமல் கதவோரத்தில் டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்து போவார்கள். கருப்புத் தகரப் பெட்டி. அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் எண், பெயர், யூனிட். ஆள் தூங்கிக்கொண்டிருந்தாலும் பெட்டியைப் படித்தால் பாதி விவரம் தெரிந்துவிடும்.

அப்படி ஏறியவர் ஒருவர் வேலூர்ப் பக்கம். அந்த மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியதில் ‘ராணுவப் பேட்டை’ என்றே பெயர் வாங்கிய ஊர். அந்த வட்டாரத்தில் இது குடும்பத் தொழில் மாதிரி. பையனுடைய மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. கல்யாணமான கையோடு கிளம்பியிருக்கிறார். வாரண்டை (ராணுவம் கொடுக்கும் ரயில் பயணச் சீட்டு) கவுன்டரில் கொடுத்து டிக்கெட்டாக மாற்ற நேரமில்லாமல், முன்பதிவில்லாத டிக்கெட்டோடு படுக்கைப் பெட்டியில் ஏறிவிட்டார்.

சார்ட்டில் ஒரு படுக்கை காலியாக இருந்தது. “படுத்துக்கொள்ளுங்கள் தம்பி, உங்களை யார் கேட்கப் போகிறார்கள்?” என்றேன்.

“ரசீது போட்டுவிடுங்கள் சார்” என்றார்.

பையிலிருந்து ஒரு கட்டு மொய்க் கவர்களை எடுத்தார். ஓரத்தில் மஞ்சள் தடவியவை. ஒன்றைப் பிரித்து நூறு ரூபாயை என்னிடம் நீட்டினார். கூட இருந்த ஒற்றை ரூபாயை மறுபடி கவருக்குள்ளேயே போட்டார். பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி, கவரின் மேல் கொடுத்தவர் பெயருக்குக் கீழே ‘101’ என்று எழுதினார். “அம்மா இன்னும் மொய் நோட்டில் ஏற்றவில்லை சார். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா?” என்றார். போகிற இடம் எது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மொய்யைத் திருப்பிச் செய்யும் நாளில் தான் ஊரில் இருப்போமா என்ற கேள்வியே அவர் முகத்தில் இல்லை.

அவர் பீரங்கிப் படைக்காரர். எனக்கு அவர்களுடைய போபர்ஸ் பீரங்கி என்றால் 1987 முதல் பத்திரிகைகளில் நாறிக்கொண்டிருந்த கமிஷன் விவகாரம்தான் ஞாபகம் வரும். அதை வாய்விட்டும் சொன்னேன். “பீரங்கி மேல் என்ன குற்றம் சார்?” என்று சிரித்தார். கார்கில் மலை உச்சிகளில் பதுங்கியிருந்த பாகிஸ்தான் படையினரை அசைத்ததில் அந்தப் பீரங்கிக்குப் பெரும் பங்கு இருந்ததைச் செய்திகளில் நான் படித்தது பிறகுதான்.

அந்த மாதம் முழுக்கத் திருச்சிக்காரர்கள் ஏறினால் மேஜர் சரவணனைப் பற்றித்தான் பேச்சு. பீகார் ரெஜிமென்ட், முதல் பட்டாலியன். மே 29 அன்று படாலிக் பகுதியில் மலைமேல் உயிரை விட்டார், வயது 26. உடல் கிடைக்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. வீர் சக்ரா விருது பின்னால் வந்தது. அதே சண்டையில் டைகர் ஹில் என்ற மலையில் குண்டு மேல் குண்டு வாங்கியும் ஏறிய யோகேந்திர சிங் யாதவுக்கு வயது 19. நாட்டின் மிக உயர்ந்த போர் வீர விருதான பரம்வீர் சக்ராவை அவர் இறந்துவிட்டதாக எண்ணியே முதலில் அறிவித்தார்கள். அவரோ ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். என் பெட்டியில் கதவோரம் உட்கார்ந்து போனவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். சிலருக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்காது.

சண்டை முடிந்த பிறகு நடந்தது இன்னொன்று. சென்னைக்கு வரும் ரயிலில் ஒரு பையனிடம் இரண்டு டிரங்குப் பெட்டிகள் இருந்தன. சாமான் அதிகம் என்று எதிர் சீட்டுக்காரர் முணுமுணுத்தார் (தேசபக்திப் பேச்சு பேசியவரும் அவரேதான், காலை மட்டும் நகர்த்தவில்லை). குனிந்து பார்த்தேன். இரண்டிலும் யூனிட் ஒன்று, பெயர் வேறு வேறு.

“அது என்னுடையது இல்லை சார்” என்றார் பையன். அதற்கு மேல் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இறந்தவருடைய உடைமைகளை வீட்டில் ஒப்படைக்க யூனிட்டிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். இவர் நண்பர், தமிழும் தெரிந்தவர். அதனால் இவரை அனுப்பியிருக்கிறார்கள். சாவி கழுத்துக் கயிற்றில் தொங்கியது. டைப் அடித்த பட்டியல் ஒன்றை எடுத்துக் காட்டினார்: ஸ்வெட்டர் ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று, சவர சாமான், பழனி முருகன் படம், கடிதங்கள் ஒரு கட்டு. அந்த வீட்டுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. ஆனால் வீட்டுப் பசுவின் பெயர்வரை தெரிந்திருந்தது. அம்மாவிடம் முதலில் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ஜம்முவிலிருந்து யோசித்துக்கொண்டே வருவதாகச் சொன்னார்.

நெல்லூர் தாண்டியதும் என்னைத் தேடி வந்தார். “சார், அரசாங்கக் காகிதத்தில் நானாக ஒரு வரி சேர்க்கலாமா?”

விஷயம் இதுதான். இறந்தவரிடம் இவர் முந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தார். யாருக்கும் தெரியாது; பட்டியலிலும் இல்லை. அதில் கை வைக்க வேண்டாம், தனித்தாளில் எழுதுங்கள் என்றேன். எழுதிக் கொண்டுவந்து, சாட்சிக் கையெழுத்து கேட்டார். எத்தனையோ ரசீதுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தாளில் போடும்போதுதான் கை நடுங்கியது.

முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு போனவரிடமிருந்து சில வாரம் கழித்து இன்லண்ட் கடிதம் வந்தது. அனுப்புநர் இடத்தில் ‘56 ஏ.பி.ஓ.’ என்று ராணுவத் தபால் முகவரி இருந்தது. மகன் கொடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம். அதனால் நண்பரின் தங்கை பெயரில் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கிப் பணத்தைப் போட்டுவிட்டதாகவும், பாஸ்புக் அம்மாவிடம் இருப்பதாகவும் எழுதியிருந்தார். அம்மாவிடம் முதலில் என்ன சொன்னார் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு கோடையில் குடும்பத்தோடு லடாக் போனபோது திராஸ் நினைவிடத்தில் இறங்கினோம். ஸ்ரீநகர் – லே சாலையோரம், தோலோலிங் மலையடிவாரத்தில் இருக்கிறது. படங்களில் பார்த்து நான் நினைத்திருந்ததைவிட அந்த மலை செங்குத்து. மேலே இருப்பவனுக்குக் கீழே வருபவன் ஒவ்வொருவனும் தெரிவான் என்பது நின்று பார்த்தால்தான் புரிகிறது. வருகிறவர்களுக்குச் சண்டையை விளக்கிச் சொல்ல ஒரு சிப்பாயை நிறுத்தியிருந்தார்கள். 1999-இல் அவர் பிறந்திருக்கவே மாட்டார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் உற்சாகமாகி, “நம்மவர்கள் ஒரே மூச்சில் அடித்து விரட்டிவிட்டார்கள், இல்லையா?” என்று இந்தியில் கேட்டார்.

“இல்லை ஐயா” என்றார் அந்தப் பையன், மரியாதை குறையாமல். “வாரக்கணக்கில் ஆனது. 527 பேர் போனார்கள்.”